குப்பிக்கு ஆயுசு கெட்டி

அப்புனு,

நீ அனுப்பிச்ச போட்டோ வந்துச்சு. கருங்குப்பி ஒண்ணு, அது மேல ஒட்டுன வெள்ளைக் காயிதம், அதுல ‘காப்பி’ன்னு உன்ற கோழிக்கிறுக்கல். ஏதோ இருமல் மருந்துன்னு நெனச்சு உன்ற அமுச்சி பதறிப்போனா. அப்புறந்தான் கீழ நீ எழுதியிருந்ததைப் படிச்சேன். இ-சிகரெட்டுல ஊத்தி இழுக்கறதுக்கு நீயே வீட்டுல தயார் பண்ணுன காப்பி வாசனையாம், எத்தனை நாளைக்குக் கெடாம இருக்கும்னு அப்புச்சி சொல்லோணுமாம்.

பர்மிங்காம்ல இருக்கிற டாக்டருங்களை எல்லாம் விட்டுப்போட்டு, கோபியில காப்பிக்கொட்டை வறுத்தே கை காச்சுப்போன கெழவன்கிட்டக் கேக்கறே பாரு, அங்கதான் சாமி உன்ற புத்தி தெரியுது. டாக்டர்னா ‘எதுக்கு ஊதறே’ன்னு ஆரம்பிச்சிருவாரு. கெழவன் குப்பியப் பத்தி மட்டும் பேசுவான், நெஞ்சைப் பத்திக் கேக்கமாட்டான்னு கணக்குப் போட்டிருக்கே. செரி, உன்ற கணக்குப்படியே குப்பியப் பத்தியே பேசறேன்.

சிகரெட்டை விடறதுக்காக இந்தக் கொழாயப் புடிச்சேன்னு உங்கம்மா சொன்னா. அதுக்கு ஒரு சபாஷ். உங்க ஊரு அரசாங்க ஆஸ்பத்திரிக்காரங்களே சிகரெட்டுக்கு இது எவ்வளவோ தேவலைன்னுதான் சொல்றாங்க. பையப்பைய இதையும் விட்டுருன்னு அதே மூச்சுல இன்னொண்ணும் சொல்றாங்க. அந்த ரெண்டாவது வரி வர்றப்பத்தான் உனக்கு நெட்டு கட்டாயிருது போல.

கடைச் சரக்கு இருக்கறப்ப எதுக்கு வீட்டுல காய்ச்சறேன்னும் எனக்குத் தெரியும். கடையில நிக்கோடின் கலந்த குப்பி 10 மில்லிக்கு மேல விக்கக்கூடாதுன்னு சட்டம். 2026 அக்டோபர்ல இருந்து அந்த 10 மில்லிக்கு 2.20 பவுண்டு வரி வேற போடறதா அறிவிச்சிருக்காங்க. கொங்கு நாட்டு ரத்தம், கடல் தாண்டிப் போனாலும் சிலுவாடு புடிக்காம விடுமா?

இப்ப விசயத்துக்கு வா. எதுல ஊறப்போட்டேன்னு நீ எழுதவே இல்ல. கொழாய்ல ஊத்தற புரோப்பிலீன் கிளைக்கால் திரவத்துல ஊறவச்சதுன்னு பின்னால ஒப்பேத்திக்கலாம்னு இருந்திருப்பே. ஆனா போட்டோவுல குப்பிக்குப் பின்னாடி சிங்க் ஓரமாப் பாரு, உங்கம்மா கட்டிக் குடுத்தனுப்பிச்ச பித்தளை பில்டர் கவுந்து கெடக்குது. மேல் டப்பா ஓட்டையில சக்கை இன்னும் ஈரமா அப்பியிருக்குது. அப்ப குப்பியில இருக்கறது சாதா டிகாசன், மேலாப்புல கொஞ்சம் கிளைக்கால் ஊத்தியிருப்பே. செரிதானே?

டிகாசன்னா பதில் சுருக்கம். வெளிய வச்சா மறுநாள் போச்சு. பிரிட்ஜுல வச்சா மூணு நாள், ரொம்ப இழுத்துப் புடிச்சா நாலு. காப்பித்தண்ணி நாக்குக்குத்தான் புளிப்பு, கிருமியை வெரட்டற அளவுக்குப் புளிப்புக் கெடையாது. அமில அளவு (பி.எச்.) 5-ஐ ஒட்டித்தான் நிக்கும். பூசணம் மொதல்ல குப்பிக் கழுத்துலயும் மூடி உள்பக்கத்துலயுந்தான் புடிக்கும், அடியில தேடாதே. கொழாய்க்குள்ள இருக்கற காயில் கம்பி சூட்டுல கிருமி செத்துப்போயிருமேன்னு கேப்பே. சாவும். செத்தது எங்க போவும்? நீ இழுக்கற பக்கந்தான்.

தூளை நேரா புரோப்பிலீன் கிளைக்கால்லயே ஊறப்போட்டு, தண்ணியே படாம வடிகட்டியிருந்தா அது வேற கதை. அந்தத் திரவத்துல கிருமிக்குப் பொழப்பு ஓடாது, அதுக்கு வேணுங்கற தண்ணியக் கிளைக்கால் புடுங்கி வச்சுக்கும். டானிக்குல மருந்துக் கம்பெனிக்காரன் அதைச் சேர்க்கறதுல அந்த லாபமும் இருக்குது. ஓட்காவுல ஊறப்போட்டாலும் கெடாது, ஆனா உன்னோட அறையில ஓட்கா ஊறப்போட மிஞ்சுமான்னு எனக்குச் சந்தேகம். எப்படியோ, மாசக்கணக்குல பூசணம் புடிக்காம கெடக்கும். குப்பிக்கு ஆயுசு கெட்டி. சந்தோசமா?

சந்தோசப்படாதே. பூசணம் புடிக்கலைங்கறதுக்காக அது காப்பியாவே இருக்குதுன்னு அர்த்தமில்ல.

என்ற கடை ஓடுன காலத்துல காலையில மெசினைப் போட்டா, பஸ் ஸ்டாண்டுல எறங்கறவன் நேரா மூக்கை நீட்டிக்கிட்டு வருவான். ‘என்னங்க வாசம்!’னு சொக்கிப்போய் நிப்பான். அவனுக்குச் சொக்கு, எனக்கு நட்டம். தெருவுல போன வாசம் பொட்டலத்துல இல்லைன்னுதானே அர்த்தம்? கொட்டையா வச்சா வறுத்து மூணு நாலு வாரம் தாக்குப் புடிக்கும். அரைச்சுப்புட்டா வாரம் பத்து நாள்ல தளர்ந்து போயிரும். அதனால பாங்கி மேனேஜருக்கு அன்னிக்கு அரைச்சது, கல்யாணத்துக்கு மொத்தமா வாங்கறவனுக்கு முந்தாநேத்து அரைச்சது. பந்தியில காப்பி குடிக்கறவன் சக்கரை பத்தலைன்னுதான் சண்டைக்கு வருவான், வாசத்தைப் பத்தி ஒருத்தனும் வாயத் தொறந்ததில்ல.

அந்த வாசம் ஏன் இப்படி ஓடுதுன்னு உன்ற மாமன் மககிட்டக் கேட்டேன். பி.பார்ம் படிச்சுட்டு கோயமுத்தூர்ல வேலைக்குப் போறா. போட்டோவையும் காட்டிப்போட்டேன், கோவிச்சுக்காதே. நாளைக்குக் கட்டிக்கப்போறவகிட்ட எதையும் மறைக்கக்கூடாது பாரு. செரி செரி, மொறைக்காதே, அந்தப் பேச்சை விட்டர்றேன்.

வறுத்த காப்பியில 800-க்கு மேல வாசனைப் பொருள் இருக்குதாம். அதுல மூக்குகிட்டப் போயி ‘நான்தான் காப்பி’ன்னு சொல்றது ஃபர்ஃபியூரைல் தயோல்னு கந்தகம் கலந்த ஒரு சாமான். துளியில துளி இருந்தாலே மூக்கு கண்டுபுடிச்சிரும். ஆனா அதுக்கு ஆயுசு அற்பம். சூடான டிகாசன்ல அரை மணி நேரத்துக்குள்ளயே பெரும்பங்கு காணாமப் போயிருது. காப்பிக்குக் கருப்பு நெறம் குடுக்கற பொருள் இருக்குதே, அதுவே இதைக் கட்டிப் புடிச்சு வெளிய விடாம வச்சுக்குதாம். நீ நெறம் நல்லா எறங்கோணும்னு சக்கையப் போட்டுப் பிழிஞ்சு எடுத்திருப்பே. வாசத்தைத் திங்கறவனைக் கூடவே குடி வச்சுப்போட்டு, வாசம் எத்தனை நாள் இருக்கும்னு என்னைக் கேக்கறே.

கிளைக்கால்ல ஊறுனதுன்னே வச்சுக்குவம். மூணு நாலு வாரம் மோந்து பாத்தாக் காப்பின்னு ஒத்துக்கலாம். ரெண்டு மாசம் தாண்டுனா நனைஞ்ச சாக்கு வாடை தலை காட்டும். அரை வருசம் ஆச்சுன்னாக் கசப்பும் கருகலும் மிஞ்சும், காப்பி போயிருக்கும். இது மூக்கை நம்பிச் சொல்றது, உன்ற மூக்கு சிகரெட்டு புடிச்ச மூக்குங்கறதால உனக்கு ஒரு மாசம் சேர்த்துக் குடுக்கறேன்.

‘கடைக்காரன் வாசனைக் குப்பியில ஒரு வருசம், ரெண்டு வருசம்னு போட்டிருக்கானே’ன்னு குதிக்காதே. அவனால முடியும், அவன் குப்பியில காப்பியே கெடையாது. வாசத்துக்கான மருந்து நாலஞ்சைத் தனித்தனியா அளந்து ஊத்தறான், அவ்வளவுதான். நெசக் காப்பியப் போடறதுக்கு அவனுக்கு வழியும் இல்ல. உங்க ஊரு 2016-ஆம் வருசத்துச் சட்டப்படி நிக்கோடின் கலந்து விக்கற சரக்குல காபின் சேர்க்கக்கூடாது. வைட்டமினும் கூடாது, புகைக்கு நெறம் குடுக்கற சாயமும் கூடாது. ஊரெல்லாம் காப்பி இல்லாத காப்பி விக்கறப்ப, கலப்படமில்லாம நெசக் காப்பியே ஊத்தி இழுக்கறவன் நீ ஒருத்தன்தான். அரிச்சந்திரன் வம்சம்.

கலப்படமில்லைன்னு சொன்னது கொஞ்சம் அவசரம். உங்கம்மா அனுப்பிச்ச பொட்டலம் நான் கலந்து குடுத்தது, அதுல நூத்துக்கு 20 சிக்கரி. பொட்டலத்து மேல எழுதிப்போட்டா 49 வரைக்கும் கலக்கலாம்னு நம்மூர்ச் சட்டமே எடங் குடுக்குது, நான் 20-லயே நிறுத்திக்கிட்ட யோக்கியன். தம்ளர்ல சிக்கரி நல்ல புள்ளை, டிகாசனுக்குக் கெட்டி குடுக்கும். அந்தக் கெட்டிதான் உனக்கு வினை. கிளைக்கால் 188 டிகிரியில கொதிச்சு ஆவியாவும், கிளிசரின் 290-ல. சிக்கரிப் பாகும் காப்பிச் சாறும் எத்தனை டிகிரி வச்சாலும் ஆவியாகாது, கம்பியிலயே ஒட்டிக் கருகும். அந்தக் காயிலைக் கழட்டி வெளிச்சத்துல பாரு, அடிப்புடிச்ச பால் போசியாட்ட இருக்கும். பாகு கருகறப்ப வர்றது நெஞ்சை எரிக்கற புகை. அதுக்கு சிகரெட்டே விட்டிருக்க வேண்டாம்.

இனி எண்ணெய். இதை மட்டும் வெளையாட்டாச் சொல்லலை, உக்காந்து கேளு. அராபிகாக் கொட்டையில நூத்துக்கு 15 பங்குகிட்ட எண்ணெய், ரொபஸ்டாவுல 10 பங்கு. காயிதத்துல வடிச்சா அதுல பெரும்பகுதி காயிதத்தோட நின்னுக்கும். நம்ம பித்தளை பில்டர் தாராள மனசுக்காரன், அத்தனையும் கீழ எறக்கிவிடும். குடிக்கறவனுக்கு அதுதான் ருசி. குப்பிய ஒரு ராத்திரி பிரிட்ஜுல அசைக்காம வச்சு, காலையில மூடியத் தொறந்து டார்ச்சு வெளிச்சத்தைப் பக்கவாட்டுல அடிச்சுப் பாரு. மேல மினுமினுன்னு வட்டம் வட்டமா நெளிஞ்சா அதுதான் ஆளு. எண்ணெயவிடக் கிளைக்கால் கனம், அதனால அது எப்பவும் மேல வந்து மெதக்கும்.

எண்ணெய் நாளாவட்டத்துல சிக்கு வாடை அடிக்கும், அது ஒரு கெடுதல். ஆனா அன்னிக்கே வடிச்ச புது எண்ணெயும் உன்ற நெஞ்சுக்கு ஆகாது. வயித்துக்கு எண்ணெய செரிக்கற வித்தை தெரியும். நுரையீரலுக்குத் தெரியாது, அங்க போன எண்ணெய் அங்கயே உக்காந்து சீக்கு வைக்கும். 2019-ல அமெரிக்காவுல நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். கஞ்சாச் சத்து ஊத்துன கொழாய்ல வைட்டமின் ஈ அசிடேட்டுன்னு ஒரு எண்ணெயக் கலந்து வித்துப்போட்டாங்க. மாத்திரையா முழுங்கினா ஒண்ணும் பண்ணாத சாமான். அடுத்த பிப்ரவரிக்குள்ள 2,807 பேரு ஆஸ்பத்திரி கேஸு, 68 பேரு போயே போயிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனவங்க பெரும்பாலும் சின்ன வயசு. அவங்க குப்பியும் கெடாமத்தான் இருந்துச்சு.

இன்னொண்ணு டயாசிட்டைல். வெண்ணெய் வாசம் குடுக்கற பொருள். 2000-ல அமெரிக்காவுல மிசூரி பக்கம் பாப்கார்ன் பேக்டரியில வேலை செஞ்ச ஆளுங்களுக்கு அதை மோந்து மோந்து மூச்சுக்கொழாய் சுருங்கிப்போச்சுன்னு கண்டுபுடிச்சாங்க. அதனால உங்க ஊர்ல இ-லிக்விட்ல அதைச் சேர்க்கறதுக்குத் தடை. ஆனா காப்பிக்கொட்டைக்கு எந்தச் சட்டம் தெரியும்? வறுக்கறப்ப அது தானாவே டயாசிட்டைலை உண்டுபண்ணிக்கும், அரைக்கறப்ப வெளிய விடும். டெக்சாஸ்ல வாசனை ஏத்துன காப்பி தயார் பண்ற எடத்துல வேலை பாத்த ரெண்டு பேருக்கு அதே நோய்னு 2013-ல அறிக்கை வந்துச்சு. அதைக் கேட்டதுல இருந்து, கடையில சன்னல்கூட இல்லாம மெசின் ஓட்டுன காலத்தை நெனச்சு நானே ஒரு நடை எக்ஸ்ரே எடுத்துட்டு வந்தேன். நியாயத்தையும் சொல்லோணும், அந்த ஆளுங்க நாள் முழுக்க இழுத்த அளவும் உன்ற கொழாய்ல வர்ற அளவும் ஒண்ணில்ல. ஆனா நீ காசு குடுத்து, நேரா, ஆழமா இழுக்கறே. அவங்களாவது சம்பளம் வாங்கிட்டு இழுத்தாங்க.

‘வாசனைக் குப்பி மேல திங்கறதுக்குப் பத்திரம்னு எழுதியிருக்குது’ன்னு நீ அடுத்த வாதம் எடுப்பே, உங்கப்பன் புத்தி. அமெரிக்காவுல வாசனைப் பொருள் பண்றவங்க சங்கமே அதுக்குப் பதில் சொல்லிப்போட்டாங்க: நாங்க பத்திரம்னு குத்துன முத்திரை திங்கற பண்டத்துக்கு, இ-சிகரெட்டுக்கு இல்ல. விக்கறவனே வேண்டாம்னு கைய விரிக்கறப்ப வாங்கறவன் வலிய எடுத்து ஊத்தறதை நான் சந்தையில கண்டதில்ல.

இத்தனையும் கேட்டுட்டு நீ நிறுத்தமாட்டே. தெரியும். கேட்ட கேள்விக்கு மருவாதையாப் பதிலும் சொல்லிர்றேன். சின்னக் குப்பியா எடு, பழுப்புக் கண்ணாடி, கழுத்து வரைக்கும் நெரப்பு. பாதிக் குப்பியில மீதிக் காத்துதான் இருக்கும், காத்துதான் வாசத்துக்கு எமன். பிளாஸ்டிக் வேண்டாம். பிரிட்ஜுல வையி, பால் பாட்டில் பக்கத்துல வைக்காதே, கூட இருக்கற பசங்க அவசரத்துல எதையும் குடிப்பாங்க. மேல தேதி எழுது, ‘காப்பி’ன்னு எழுதினது போதாது. துளி விடற கொழாய ஈரத்தோட உள்ள விடாதே. நிக்கோடினை இதுல கலந்து வைக்காதே. அது தோல் வழியாவே ஒடம்புக்குள்ள போற வெசம், கையுறை போட்டுத்தான் தொடோணும். காத்துப் பட்டா அதுவும் பழுப்பாவும். காப்பியும் பழுப்பு, அதுவும் பழுப்பு, அப்புறம் எது கெட்டுதுன்னு நெறத்தைப் பாத்துச் சொல்ல ஆண்டவனாலயும் ஆவாது. கலங்குனா, புளிப்பு வாடை வந்தா, மேல ஏடு படிஞ்சா, யோசிக்காமக் கவுத்துரு. கவுத்தறப்ப ‘ரெண்டு பவுண்டு போச்சே’ன்னு அழுவே, அழு.

காப்பி வாசந்தான் வேணும்னா இன்னொரு ரோசனை. புரோப்பிலீன் கிளைக்கால் கேக்குலயும் ஐஸ்கிரீம்லயும் சேர்க்கற சாமான்தான், அதுக்கு ஐரோப்பாக்காரன் ஈ1520-ன்னு நம்பர் போட்டு வச்சிருக்கான். நீ வாங்குனது சாப்பாட்டுத் தரம், அதுல நிக்கோடின் படவே இல்லைன்னா, அந்தக் குப்பியக் கேக்கு மாவுல நாலு சொட்டு விடு. வயித்துக்குப் போனா எண்ணெயும் செரிக்கும், சிக்கரியும் செரிக்கும், உன்ற கூட்டாளிங்களும் மெச்சுவாங்க. இல்லைன்னா தூள் இருக்குது, பில்டர் இருக்குது, அதைக் கழுவிட்டு ஒரு தம்ளர் காப்பி போட்டுக் குடிச்சுப்போட்டுக் கம்முனு படு. அந்தக் காலத்துல நாங்க அப்படித்தான் காப்பியை உள்ள தள்ளுனோம், கொழாயெல்லாம் தேவைப்படலை.

பொங்கலுக்கு வர்றேன்னு உங்கம்மா சொன்னா. குப்பியும் கொழாயும் அங்கயே இருக்கட்டும். இங்க 2019-ல இருந்து இ-சிகரெட்டு கொண்டுவரவும் கூடாது, விக்கவும் கூடாது. கொண்டுவந்து மாட்டுனா மொத தடவைக்கே ஒரு வருசம் வரைக்கும் உள்ள தள்ளலாம், ஒரு லட்சம் அபராதமும் போடலாம். ‘இது காப்பி வாசந்தானுங்க, எங்க அப்புச்சி ரோசனை’ன்னு கோயமுத்தூர் ஏர்போர்ட்டுல என்ற பேரை இழுத்து வச்சிராதே. ஜாமீனுக்கு ஏறி எறங்க என்ற முட்டி ஒத்துக்காது, உன்ற மாமனைத்தான் அனுப்போணும். அவன் கண்டிப்பா வருவான், ஆனா வர்ற வழியில டீக்கடைக்கு டீக்கடை நிறுத்தி ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டுத்தான் வந்து சேருவான்.